சம்பளம் 2,836 டொலர், கணக்கில் விழுவது 1,100: அமெரிக்கப் படையில் புதிதாகச் சேர்ந்தவரின் சம்பளச் சிட்டையைப் படிப்பது எப்படி?

வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு தாயின் கேள்வி இது: "கிரீன் கார்டில் போன மகன் அமெரிக்கத் தரைப்படையில் சேர்ந்து பத்து மாதம் ஆகிறது. பிரைவேட் ஃபெர்ஸ்ட் கிளாஸ் என்கிறான். 2026ஆம் ஆண்டு அட்டவணையில் அதற்கு 2,836 டொலர் போட்டிருக்கிறது. ஆனால் கணக்கில் 1,100 சொச்சம்தான் விழுந்தது என்கிறான். இடையில் யாரும் எடுக்கிறார்களா? ஆவணியில் கலியாணம், பெண் கொழும்புதான். கலியாணம் முடிந்தால் வீட்டு வாடகைக் காசு தருவார்கள் என்கிறார்களே, உண்மையா? மாதாமாதம் எனக்கும் அனுப்புகிறான், அதைக் காட்டி ஏதும் எடுக்கலாமா?"

முதலில் மனதை ஆற்றிக்கொள்ளுங்கள் அம்மா, இடையில் ஒருவரும் எடுக்கவில்லை. அங்கே சம்பளம் மாதத்தில் இரண்டு தடவை வரும். 15ஆம் திகதி ஒரு பாதி, அடுத்த மாதம் 1ஆம் திகதி மறுபாதி. அந்த நாள் சனி, ஞாயிறு அல்லது விடுமுறையில் விழுந்தால் அதற்கு முந்திய வேலை நாளிலேயே வந்துவிடும். மகன் சொன்ன 1,100 ஒரு பாதி மட்டும். அப்படிப் பார்த்தாலும் 2,836க்கும் இரண்டு பாதிகளின் கூட்டுத்தொகைக்கும் இடையில் 600 டொலருக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது. அதில் சில பிடித்தங்கள் தவிர்க்க முடியாதவை. ஒன்று சேமிப்பு. இன்னொன்று அநேகமாகத் தேவையே இல்லாதது.

மகனிடம் சம்பளச் சிட்டையைக் கேளுங்கள். அங்கே அதை எல்.இ.எஸ் என்பார்கள். மைபே என்ற இணையத்தளத்தில் மாதாமாதம் வரும். ஒரே பக்கம்தான். நடுவில் மூன்று நிரல்கள் இருக்கும்: இடப்பக்கம் கிடைக்கவேண்டியவை, நடுவில் பிடித்தங்கள், வலப்பக்கம் மகன் தானே வேறு கணக்குக்குத் திருப்பிவிட்ட தொகைகள். பார்க்கிறவர்களைப் பயமுறுத்துவது நடு நிரல். 15ஆம் திகதி கொடுத்த பாதிச் சம்பளத்தையும் பிடித்தம் என்றே அந்த நிரலில் எழுதுவார்கள். மாத முடிவில் எழுதும் சிட்டை என்பதால், ஏற்கெனவே கொடுத்ததைக் கழித்தால்தான் மிச்சம் வரும். "ஆயிரத்துக்கு மேல் எதற்கு வெட்டினார்கள்" என்று பதறுகிற வரி பெரும்பாலும் இதுதான்.

இனி மகனுடைய மாதத்தைக் கணக்குப் போடுவோம். பிரைவேட் ஃபெர்ஸ்ட் கிளாஸ் என்பது சம்பள அட்டவணையில் இ-3 படிநிலை. 2026இல் அந்தப் படிநிலையில், இரண்டு வருடத்துக்குக் குறைந்த சேவைக்கு அடிப்படைச் சம்பளம் 2,836.80 டொலர். பத்து மாதத்தில் இ-3 என்றால் கல்லூரிக் கிரெடிட்டுகளைக் காட்டி அதே படிநிலையில் சேர்ந்திருப்பார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இதில் சமூகப் பாதுகாப்புக்கு 6.2 வீதம், மெடிக்கெயார் என்ற முதியோர் மருத்துவத் திட்டத்துக்கு 1.45 வீதம், சேர்த்து 217 டொலர் போகும். எல்லாத் தொழிலாளருக்கும் உள்ளதுதான், படையினருக்கும் விலக்கில்லை. மத்திய அரசின் வருமான வரி, தனியாளுக்கு, ஏறக்குறைய 140 டொலர். மாநில வரி அவருடைய சட்டபூர்வ வதிவிடத்தைப் பொறுத்தது. டெக்சஸ், புளோரிடா என்றால் இல்லை, வேறு சில மாநிலங்கள் எடுக்கும். ஆயுள் காப்புறுதிக்கு 26 டொலர். படையினர் முதியோர் இல்லத்துக்கு 50 சதம். டி.எஸ்.பி என்ற சேமிப்பு நிதிக்கு 5 வீதம், அதாவது 141.84 டொலர். கூட்டினால் 525 டொலர் அளவில் வரும். மிச்சம் ஏறக்குறைய 2,310. இரண்டாகப் பிரித்தால் ஒரு பாதி 1,155.

மகனுக்கு வந்தது 1,100 சொச்சம் என்கிறீர்கள். அந்த 50 டொலர் வித்தியாசத்துக்கு மாநில வரி காரணமில்லை என்றால், எனக்குத் தோன்றுவது இதுதான்: மாதம் 100 டொலர் மொன்ட்கொமரி ஜி.ஐ. பில் என்ற கல்வித் திட்டத்துக்குப் போய்க்கொண்டிருக்கலாம். பன்னிரண்டு மாதம் பிடித்து 1,200 டொலர் ஆனதும் நிற்கும். வேண்டாம் என்று டிடி 2366 படிவத்தில் எழுதிக் கொடுக்காத புதியவர்களைத் தானாகவே இதில் சேர்த்துவிடுவார்கள். நூறு கடதாசிகளில் ஒன்றாக அது வரும். பத்தொன்பது வயதுப் பிள்ளை களைத்துப்போய்க் கையெழுத்து வைத்துவிட்டு நகர்ந்துவிடும். 2001 செப்டெம்பர் 11க்குப் பிந்திய சேவைக்கான புதிய ஜி.ஐ. பில் ஒரு சதமும் கட்டாமல் கிடைக்கிறது. 36 மாதம் முழுநேரச் சேவை முடித்தால் அதன் முழுப் பலனும் உண்டு. பெரும்பாலானவர்கள் கடைசியில் புதியதையே எடுக்கிறார்கள், கட்டிய 1,200 திரும்பக் கையில் கிடைப்பது அரிது. சிட்டையின் நடு நிரலில் அந்த 100 இருக்கிறதா என்று மகன் இன்றே பார்க்கட்டும். இருந்தால், விலகுவதற்கான கெடு இன்னும் இருக்கிறதா என்று தன் பிரிவின் கல்வி அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்கட்டும். தொலைபேசியில் கேட்டால் இழுபடும்.

சிட்டையின் இடப்பக்கத்தில் பி.ஏ.எஸ் என்று 476.95 டொலர் இருக்கும். அது சாப்பாட்டுக் கொடுப்பனவு, 2026இல் சிப்பாய்கள் எல்லோருக்கும் ஒரே தொகை. முகாம் விடுதியில் இருந்துகொண்டு முகாம் சாப்பாட்டுக்கூடத்தில் சாப்பிடுகிறவருக்கு அதைக் கொடுத்த கையோடு, சாப்பாட்டுக் காசு என்று நடு நிரலில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துவிடுவார்கள். கையில் நிற்பது சொற்பம். அதனால்தான் மேலே என் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை. இந்தப் பிடித்தம் நாளுக்கு நாள் கணக்கு. மகன் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் போகும். ஆகவே இரவில் வெளியே பீட்சா வாங்கினால் ஒரே சாப்பாட்டுக்கு இரண்டு தடவை காசு கொடுக்கிறார் என்று அர்த்தம். லீவில் வரும் நாட்களுக்கு இந்தப் பிடித்தம் ஆகக்கூடாது. லீவு முடிந்து வரும் சிட்டையில் அதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள், தவறுவது உண்டு.

டி.எஸ்.பி பற்றிக் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் "காசு பிடிக்கிறார்கள், நிறுத்து" என்று வீட்டார் சொல்லிக் கெடுப்பது இதைத்தான். எங்கள் ஊரில் ஈ.பி.எஃப் போல நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஊழியர் 8 வீதம், முதலாளி 12 வீதம். அங்கே சேர்ந்து 60 நாள் கடந்ததும் 5 வீதம் தானாகப் பிடிபடும். அரசு தன் பங்காக 1 வீதம் போடும். இரண்டு வருடம் முடிந்த பிறகு, மகன் 5 வீதம் போட்டால் அரசும் மொத்தம் 5 வீதம் போடும். மகன் 2 வீதமாகக் குறைத்தால் அரசின் பங்கும் குறையும், விட்ட மாதத்தின் பங்கைப் பிறகு கட்டி எடுக்க முடியாது. இரண்டு வருடம் முடிக்காமல் விலகினால் அரசு போட்ட 1 வீதம் போய்விடும், தன் காசு தன்னுடையதே. ஓய்வூதியம் தனி. அது 20 வருடம் சேவை செய்தவருக்குத்தான். ஒரு தவணையோடு வெளியே வருகிறவர்களுக்கு மிஞ்சுவது இந்த டி.எஸ்.பி மட்டுமே. எனவே 5 வீதத்தைத் தொடவேண்டாம். மாற்றுவதென்றால் ஒன்றை மாற்றலாம்: தானாகச் சேர்க்கும்போது வரி பின்னர் கட்டும் வகையில் போடுவார்கள். இப்போது வரி குறைவாக இருக்கும் இளம் சிப்பாய்க்கு, வரியை இன்றே கட்டிவிட்டு முதுமையில் வரியின்றி எடுக்கும் ரோத் வகை நல்லது என்பது என் அபிப்பிராயம். அப்படி மாற்றினால் கையில் வருவது மாதம் பதினைந்து டொலரளவு குறையும்.

26 டொலர் காப்புறுதி 5 லட்சம் டொலருக்கானது. அதையும் நிறுத்தவேண்டாம். ஆனால் யார் பெயருக்குப் போகும் என்று பதிந்திருக்கிறார் என்பதைக் கேளுங்கள். கலியாணத்துக்குப் பிறகு திரும்பவும் கேளுங்கள். பெயர்களின் எழுத்துக்கூட்டல் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கவேண்டும்.

இனி வாடகைக் கொடுப்பனவு. பி.ஏ.எச் என்பார்கள். உங்களுக்குச் சொன்னது உண்மை. தனியாளாக இருக்கும் இளம் சிப்பாய்க்கு விடுதியில் அறை கொடுத்துவிடுவதால் இது கிடையாது. சிட்டையில் இ-3க்கு 7.80 டொலர் என்று ஒரு குட்டித் தொகை தெரியலாம், அதைக் கணக்கில் எடுக்கவேண்டியதில்லை. கலியாணமானதும் "தங்கி வாழ்வோர் உள்ளவர்" என்ற வகைக்கு மாறுவார், அப்போது முழுக் கொடுப்பனவு வரும். அதற்கு வருமான வரி இல்லை. தொகையை நிர்ணயிப்பவை மூன்று: படிநிலை, வேலை செய்யும் முகாமின் தபால் குறியீடு, தங்கி வாழ்வோர் உண்டா இல்லையா. எத்தனை பேர் என்பது பார்க்கப்படாது. இ-1 முதல் இ-4 வரை ஒரே தொகை. ஹொனலூலுவிலும் சான் டியாகோவிலும் மிக அதிகம், சிற்றூர் முகாம்களில் குறைவு. மருமகள் கொழும்பில் இருந்தாலும் மகனின் முகாம் எந்த ஊரோ அந்த ஊர்த் தொகைதான். கொழும்பு வாடகையை ஒருவரும் பார்க்கமாட்டார்கள். உள்ளூர் வாடகை குறைந்தாலும், அதே முகாமில் அதே நிலையில் இருக்கும்வரை அவருக்குத் தொகை குறையாது. கூடினால் கூடும்.

இந்தக் கொடுப்பனவு கலியாணத் திகதியிலிருந்து கணக்கு. எந்தத் திகதி? தாலி கட்டிய நாளல்ல, எழுத்து, அதாவது விவாகப் பதிவு, நடந்த நாள். எங்கள் குடும்பங்களில் எழுத்து ஒரு நாள், தாலி இன்னொரு நாள் என்று வைப்பது வழக்கம். சில வேளை மாதக்கணக்கில் இடைவெளி இருக்கும். படைக்குத் தெரிவது பதிவாளர் எழுதிய சான்றிதழ் மட்டும். எழுத்து வைகாசியிலும் தாலி ஆவணியிலும் என்றால் வைகாசியிலிருந்தே அவர் மணமானவர். அதை மறைத்து ஆவணிக்குப் பிறகு சொன்னால் பிள்ளைக்கு இரண்டு வகையில் கேடு. உரிய காசும் வராது, உண்மையை மறைத்த பதிவும் விழும். எழுத்தை முன்கூட்டியே வைத்தால் கொடுப்பனவு முந்தும், மருமகளின் விசா மனுவும் முந்தும். நாள் பார்ப்பது உங்கள் விருப்பம், ஆனால் இந்தக் கணக்கையும் தெரிந்துகொண்டு பாருங்கள். மகனுக்கு லீவு குறைவு, அறிவித்தல் கொடுத்துக் காத்திருக்க முடியாது என்றால் மாவட்டப் பதிவாளரிடம் விசேட அனுமதிப்பத்திரம் எடுத்து எழுத்தை முடிக்கலாம்.

லீவு மாதத்துக்கு இரண்டரை நாள், வருடத்துக்கு 30 நாள். பத்து மாதத்தில் 25 நாள் சேர்ந்திருக்கும், இடையில் எடுத்ததைக் கழிக்கவேண்டும். லீவுக்குள் வரும் சனி, ஞாயிறும் லீவுதான். போகவர விமானத்தில் மூன்று, நான்கு நாள் போய்விடும். வெளிநாட்டுப் பயணத்துக்குத் தனி அனுமதி வேண்டும் என்பதால் குறைந்தது இரண்டு மாதம் முன்பே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அனுமதி கையில் வரும்வரை மண்டபத்துக்கு முழுக்காசு கட்டவேண்டாம்.

சுணங்குவது அநேகமாக இங்கே எடுத்த கடதாசியால்தான். மணமகளை டீயர்ஸ் என்ற படைக் குடும்பப் பதிவேட்டில் சேர்த்தால்தான் கொடுப்பனவும் மருத்துவமும் தொடங்கும். அதற்குத் தேவை விவாகச் சான்றிதழின் மூலப் பிரதி, மணமகளின் பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு. அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு இலக்கம் இல்லாவிட்டாலும் வெளிநாட்டவர் என்று பதியலாம். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள சான்றிதழ்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கில மொழிபெயர்ப்பு எடுக்கவேண்டும். இங்கேதான் எங்கள் பெயர் முறை காலை வாரும். உதாரணத்துக்கு ஒரு பெண்ணின் பிறப்புச் சான்றிதழில் அவருடைய பெயர் மட்டும், தகப்பன் பெயர் வேறு கட்டத்தில். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். விவாகச் சான்றிதழில் முதலெழுத்தும் பெயரும். மொழிபெயர்ப்பாளர் தன் காதுக்குப் பட்டபடி இன்னொரு எழுத்துக்கூட்டல். அங்கே இருக்கும் எழுதுவினைஞருக்கு இது நான்கு வேறு பெண்கள். ஆகவே மொழிபெயர்ப்பாளரிடம் போகும்போது இருவருடைய கடவுச்சீட்டுப் பிரதியையும் கொண்டுபோய், "ஆங்கில எழுத்து இதில் உள்ளபடி" என்று சொல்லுங்கள். எழுத்து நாளில் பதிவாளருக்கும் முழுப்பெயரைக் கடவுச்சீட்டைப் பார்த்தே சொல்லுங்கள், முதலெழுத்தாகச் சுருக்கவேண்டாம். வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகப் பிரிவுக்குள் வருகிறது. அங்கே சான்றளித்த பிரதிகள் எடுக்கும்போது ஒன்றல்ல, நான்காக எடுங்கள். ஒன்று படைக்கு, ஒன்று விசாவுக்கு, ஒன்று மகன் கையில், ஒன்று வீட்டில்.

மகன் திரும்பிப் போனதும் இந்தக் கடதாசிகளோடு டிஏ 5960 என்ற படிவத்தையும் கொடுப்பார். அது பி.ஏ.எச்சைத் தொடங்கும் படிவம். அடுத்த சம்பளத்திலேயே வராது. ஒன்றிரண்டு மாதம் பிந்தலாம், ஆனால் எழுத்து நாளிலிருந்து சேர்ந்த நிலுவையோடு வரும். அந்த மாதம் கணக்கில் பெரிய தொகை விழும். உடனே செலவழிக்கவேண்டாம். தவறாகக் கூடுதலாக வந்திருந்தால் அது கடன், பின்னர் சம்பளத்தில் வெட்டுவார்கள். இதே காரணத்துக்காக, நிலைமை மாறும் எந்த நேரத்திலும், முகாம் மாறுதல், மனைவியும் படையில் சேர்தல், பிரிவு எதுவானாலும், அதே மாதத்தில் அறிவித்துவிடவேண்டும். சொல்லாமல் இரண்டு வருடம் வாங்கிய கொடுப்பனவைச் சம்பளத்திலிருந்து திரும்பக் கட்டுவது இளம் சிப்பாயை முறித்துவிடும். சிட்டையின் அடியில் குறிப்புகள் என்று ஒரு பெட்டி இருக்கிறது, ஒருவரும் படிப்பதில்லை. கடன் தொடங்கப்போகிறது என்றால் அங்கேதான் முதலில் எழுதுவார்கள்.

உங்களுக்கு அனுப்பும் காசு பற்றி. பெற்றோரையும் தங்கி வாழ்வோராகப் பதிய வழி உண்டு. டிடி 137-3 படிவம். உங்கள் வாழ்க்கைச் செலவில் பாதிக்கு மேல் மகன் கொடுக்கவேண்டும். உங்களுக்கென்று வரும் வருமானம், ஓய்வூதியமோ மேல்மாடி வாடகையோ வைப்பு வட்டியோ, செலவில் பாதிக்குக் குறைவாக இருக்கவேண்டும். இரண்டுக்கும் மாதாமாத ஆதாரம் கேட்பார்கள். தேறினால், தனியாளாக இருக்கும் மகனுக்கும் தங்கி வாழ்வோர் உள்ளவருக்கான பி.ஏ.எச் வரும். ஆனால் நான் மேலே சொன்னதை நினையுங்கள்: எத்தனை பேர் என்பது கணக்கில்லை. ஆவணியில் மனைவி வந்ததும் அதே தொகைதான், நீங்கள் சேர்வதால் ஒரு டொலரும் கூடாது. விண்ணப்பம் தேறவே மாதங்கள் போகும். கலியாணம் உறுதியென்றால் இதில் மினக்கெடவேண்டாம் என்பேன். கலியாணம் ஒரு வருடம் தள்ளிப்போகுமென்றால் மட்டும் தொடங்குங்கள்.

எப்படி அனுப்புகிறார் என்பதையும் கேளுங்கள். உண்டியலில், அதாவது வங்கி வழியில்லாமல் ஆட்கள் மூலம், போட்டால் இரண்டு ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று ஆட்கள் சொல்வார்கள். படையில் இருக்கும் பிள்ளை அந்தப் பக்கமே போகக்கூடாது. ஆதாரம் இல்லை என்பது ஒன்று. பாதுகாப்பு அனுமதிக்கான விசாரணையில் வெளிநாட்டுப் பணத்தொடர்புகளைக் கேட்கும்போது பதில் சொல்லமுடியாமல் போவது அதைவிடப் பெரியது. 2026 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுக்கு ரொக்கமாகவோ மணி ஓடராகவோ கொடுத்து அனுப்பும் காசுக்கு அமெரிக்கா 1 வீத வரி எடுக்கிறது. அங்குள்ள வங்கிக் கணக்கிலிருந்தோ டெபிட் கார்டிலிருந்தோ அனுப்பினால் அந்த வரி இல்லை. ஆகவே அவர் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு, ஒவ்வொரு மாதமும் ஒரே திகதியில்.

கடன் பக்கம் ஒன்று. முகாம் வாசலுக்கு வெளியே கார் விற்பவர்கள் இளம் சிப்பாய்களுக்காகவே காத்திருப்பார்கள். படையினருக்கான கடன்களுக்கு 36 வீத உச்சவரம்பு சட்டத்தில் இருக்கிறது, ஆனால் கார் வாங்க எடுக்கும் கடன் அந்தச் சட்டத்துக்குள் வராது. மாதம் 2,200 வருகிற பிள்ளை 600 டொலர் தவணைக்குக் கையெழுத்து வைத்தால் உங்களுக்கு அனுப்புவதும் நிற்கும், டி.எஸ்.பியும் குறையும். படையில் சேருமுன் எடுத்த கடனட்டைப் பாக்கி இருந்தால் அது வேறு. சேவைக்காலத்தில் அதன் வட்டியை 6 வீதத்துக்கு இறக்கும்படி எழுத்தில் கேட்கும் உரிமை அவருக்கு இருக்கிறது. சேவைக்கு அழைத்த ஆணையின் பிரதியை இணைத்து வங்கிக்கு எழுதவேண்டும், தானாக இறக்கமாட்டார்கள்.

சம்பளம் எப்போது கூடும் என்று அடுத்துக் கேட்பீர்கள். வழக்கமாக 24 மாதச் சேவையில் இ-4 ஆகலாம். இரண்டு வருடம் கடந்த நிரலும் சேர்வதால் 2026 அட்டவணையின்படி அடிப்படைச் சம்பளம் 3,300 டொலரைத் தொடும். அதே மாதம்தான் அரசின் டி.எஸ்.பி பங்கும் 5 வீதத்துக்கு ஏறத் தொடங்கும். மகனிடம் முழுப் பட்டம் இருந்தும் இ-3 ஆகச் சேர்த்திருந்தால், சேரும்போதே இ-4 கிடைத்திருக்கவேண்டும். வெளிநாட்டுப் பட்டமென்றால் அமெரிக்க மதிப்பீட்டு அறிக்கை கேட்பார்கள். அது இல்லாததால் விடுபட்டிருந்தால், சேர்ந்தபோது செய்த ஒப்பந்தத்தின் பிரதியோடு ஆளணி அலுவலகத்தில் போய்க் கேட்கட்டும்.